மில்லிமீட்டர் யுத்தம்

கம்ப்யூட்டருக்குத் தனியாக ஓர் அலுமினியப் பெட்டி செய்துகொள்ளும் ஆசை அழகில் தொடங்குகிறது. மே மாத வெயிலிலும் எர்த் ஒயரிலும்தான் அதற்கு நிஜமான பரீட்சை.

டெல்லி நேரு பிளேஸானாலும் சரி, மும்பை லாமிங்டன் ரோடானாலும் சரி, பெங்களூர் எஸ்.பி. ரோடானாலும் சரி, கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகளின் வாசலில் முதலில் கண்ணில் படுவது ஆளுயரத்துக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகள். உள்ளே இருப்பது 'கேபினெட்'. உலகம் 'கேஸ்' என்று அழைக்கும் பொருளுக்கு இந்தியக் கடைத்தெரு வைத்த பெயர் அது. வீடுகளில் அதற்கு வேறு பெயர்: 'சி.பி.யு.'. உள்ளே விரல் நகம் அளவுக்கு உட்கார்ந்திருக்கும் பிராசஸரின் பெயரைத் தூக்கி மொத்தப் பெட்டிக்கும் கொடுத்துவிட்டார்கள்.

விலை குறைந்த கேபினெட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கவாட்டுத் தகட்டை விரலால் தட்டினால் பிஸ்கட் டின் சத்தம் வரும். அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அதன் மேல் பெயின்ட். உள்ஓரங்களை யாரும் மழுக்கியிருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைப்பவர்களின் விரல்களைப் பார்த்தால் இது தெரியும். பல சமயம் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளையும் கொசுறு மாதிரி கூடவே வரும். பேரம் பேசுகிற வாடிக்கையாளர் கடைசியாகக் கை வைப்பது எப்போதும் இந்தப் பெட்டியின் விலையில்தான். பிராசஸரில் குறைக்க முடியாது, மெமரியில் குறைக்க முடியாது. பெட்டிதானே?

அந்த 'தானே'யை ஒப்புக்கொள்ளாத ஒரு சிறு கூட்டம் எல்லா ஊர்களிலும் இருக்கிறது. பகலில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள், மெக்கானிக்கல் படித்த மாணவர்கள், வீடியோ எடிட்டர்கள். தங்கள் கம்ப்யூட்டருக்குத் தாங்களே வரைந்து, அலுமினியத் தகட்டில் வெட்டி, வளைத்து, சாயம் ஏற்றி ஒரு பெட்டி செய்துகொள்ள வேண்டும் என்பது இவர்களின் பிடிவாதம். கடையில் வாங்குவதைவிடப் பல மடங்கு செலவாகும். முதல் முயற்சி பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். தெரிந்தும் செய்கிறார்கள்.

இது ஒன்றும் புதிய பைத்தியமல்ல. 1976இல் ஆப்பிள் நிறுவனம் விற்ற முதல் கம்ப்யூட்டருக்குப் பெட்டியே கிடையாது. வெறும் சர்க்யூட் போர்டுதான். கீபோர்டு, பவர் சப்ளை, பெட்டி எல்லாம் வாங்குகிறவர் பொறுப்பு. சிலர் மரத்தில் செய்துகொண்டார்கள். அப்படி மரப்பெட்டிக்குள் குடியேறியவை சில இன்று மியூசியங்களில் இருக்கின்றன. 1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது இரும்புப் பெட்டி என்பது எழுதாத சட்டமானது. அடுத்த இருபது வருடங்களுக்கு உலகமெங்கும் அதே பழுப்பு வெள்ளை நிறம். 386, 486 காலத்து இந்தியக் கேபினெட்டுகளை நினைவிருக்கிறதா? முகப்பில் ஒரு சாவித் துவாரம், ஒரு 'டர்போ' பொத்தான், வேகத்தைக் காட்டும் சிவப்பு எண்கள். அந்த எண்கள் எந்த வேகத்தையும் அளக்கவில்லை. உள்ளே ஜம்பர்களை எப்படிச் செருகுகிறோமோ அப்படிக் காட்டும், அவ்வளவுதான்.

1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்ற அளவு முறைதான் இந்தப் பொழுதுபோக்குக்கு வழி திறந்த உண்மையான சாவி. மதர்போர்டு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம், பின்பக்கத்து சாக்கெட்டுகளுக்கான ஜன்னல் 158.75க்கு 44.45 மி.மீ.; கார்டுகளுக்கு இடையில் 20.32 மி.மீ. இடைவெளி. யார் செய்த போர்டானாலும் யார் செய்த பெட்டியிலும் உட்கார வேண்டும் என்றானபோது, பெட்டி செய்யப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. அளவு தெரிந்தால் போதும். 2001இல் தைவானின் வி.ஐ.ஏ. நிறுவனம் 170 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கும் மினி ஐ.டி.எக்ஸ். போர்டை அறிமுகப்படுத்தியதும் பெட்டியைச் சுருக்கும் போட்டி தொடங்கியது.

அலுமினியத்துக்கு மவுசு வந்ததில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. ஒன்று, 1983இல் தைவானில் தொடங்கப்பட்ட லியான் லீ. அதன் பிரஷ் செய்த அலுமினியப் பெட்டிகள் 2000ஐ ஒட்டிய வருடங்களில் கம்ப்யூட்டர் ரசிகர்களிடம் ஏறக்குறைய ஒரு அந்தஸ்துச் சின்னமாக இருந்தன. இன்னொன்று ஆப்பிள். 2003 ஜூனில் வெளியான பவர் மேக் ஜி5, முன்னும் பின்னும் துளைகள் நிறைந்த அலுமினியக் கோபுரம். கிட்டத்தட்ட 18 கிலோ எடை. உள்ளே நான்கு தனித்தனி அறைகள், ஒன்பது ஃபேன்கள். ஒவ்வொரு அறையின் சூட்டையும் பார்த்து கம்ப்யூட்டரே ஃபேன்களின் வேகத்தை முடிவு செய்யும். முகப்பைப் பார்த்தவர்கள் துருவுபலகை என்று கேலி செய்தார்கள். ஆனால் அதே வருடம் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீநிதி வரதராஜன் தலைமையில் 1,100 துருவுபலகைகளை ஒன்றாகக் கோர்த்தபோது, நவம்பர் மாத சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் உலகின் மூன்றாவது இடம் கிடைத்தது. கேலி கொஞ்சம் அடங்கியது.

லிட்டர் கணக்கு

பெட்டியின் பெருமையை இந்த வட்டாரத்தில் லிட்டரில் அளக்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி வரும் கொள்ளளவு. சாதாரண டவர் கேபினெட் 40, 50 லிட்டர் இருக்கும். அதில் பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்றை விரட்டுவதுதான் விளையாட்டு.

2013இல் இணையத்தில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வெளிவந்த 'என்கேஸ் எம்1' இந்த விளையாட்டின் விதிகளை மாற்றியது. புனைபெயர்களில் இயங்கிய இரண்டு ஆர்வலர்களின் திட்டம் அது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் தண்ணீரில் குளிரும் ரேடியேட்டரும் 12.6 லிட்டருக்குள் அடங்கும் என்று வரைந்து காட்டினார்கள். தகடு வெட்டித் தயாரித்துத் தந்தது லியான் லீ. அடுத்து 2016இல் ஜெர்மனியின் டேனியல் ஹான்சன், 'டான் ஏ4' பெட்டியை 7.2 லிட்டருக்குக் கொண்டுவந்தார். மதர்போர்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, இரண்டையும் ஒரு பட்டை ஒயரால் இணைத்தார். பெட்டியின் அகலம் வெறும் 112 மி.மீ. அதையும் தயாரித்தது அதே தைவான் தொழிற்சாலைதான்.

இந்த இரண்டு கதைகளிலும் கவனிக்க வேண்டிய விஷயம் பணம். பெரிய நிறுவனம் ஒரு கேபினெட்டுக்கு அச்சு செய்யும் முன் லட்சக்கணக்கில் விற்பனையாகுமா என்று கணக்குப் போடும். ஆகாதென்றால் செய்யாது. தகட்டை லேசரில் வெட்டி பிரஸ் பிரேக்கில் வளைக்கும் முறைக்கு அச்சு தேவையில்லை. ஒரு பெட்டியும் செய்யலாம், ஆயிரமும் செய்யலாம். அதனால்தான் சந்தை கண்டுகொள்ளாத சிறு கூட்டத்துக்கும் பெட்டி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், ரசிகர்கள் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்ட அதே காலத்தில் பெரிய சந்தை அதை விட்டு விலகியது. லியான் லீயே இப்போது பெரும்பாலும் இரும்பிலும் கண்ணாடியிலும் செய்கிறது.

வரையத் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது கம்ப்யூட்டரில் அல்ல, அட்டையில். போர்டு, பவர் சப்ளை, கார்டு எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்து, பேக்கிங் அட்டையை வெட்டி ஒட்டி ஒரு மாதிரிப் பெட்டி. ஒயர்கள் போக இடம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். திரையில் வரைபவர்கள் எல்லோரும் மறக்கிற விஷயம் ஒயர்தான். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் விரல் பருமனுக்கு மேல் இருக்கும், பிடிவாதமாக வளையாது. வரைபடத்தில் 10 மி.மீ. விட்டிருந்தால் மூடி மூடாது.

அடுத்தது திருகுகள். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு வகைத் திருகு இருப்பது அசெம்பிள் செய்பவர்களுக்குத் தெரிந்த தலைவலி. பவர் சப்ளையையும் ஹார்ட் டிஸ்க்கையும் பிடிப்பது 6-32 என்ற அமெரிக்க அங்குல அளவு, எஸ்.எஸ்.டி.யைப் பிடிப்பது எம்3 என்ற மெட்ரிக் அளவு. 120 மி.மீ. ஃபேனின் நான்கு துளைகளுக்கு இடையே 105 மி.மீ.; 140 மி.மீ. ஃபேனுக்கு 124.5. இதில் எதையும் நினைவிலிருந்து வரையக் கூடாது. போர்டு தகட்டிலிருந்து 6.35 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அந்தக் கால் அங்குலத்தை மறந்தால் பின்பக்கத்துச் சாக்கெட்டுகள் அத்தனையும் ஜன்னலைவிட்டுக் கீழே போய்விடும்.

ஒரு திருகாணி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 பிப்ரவரியில் ஓர் உதாரணம் கிடைத்தது. அமெரிக்காவின் என்.இஸட்.எக்ஸ்.டி. நிறுவனம் தன் 'எச்1' என்ற சிறிய பெட்டியைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000. கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் சிறிய போர்டைப் பெட்டியோடு பிடித்த உலோகத் திருகு, போர்டுக்குள் 12 வோல்ட் ஓடும் செப்பு அடுக்கைத் தொட்டு ஷார்ட் ஆனது. தீப்பிடிக்கும் அபாயம் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. தேர்ந்த பொறியாளர்கள் இருந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி. வீட்டில் வரைகிறவர் ஒவ்வொரு திருகையும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

இண்டாலியத்தின் உறவு

அலுமினியம் இந்தியாவுக்கு அந்நியமல்ல. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். நாட்டின் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. பிறகு ரேணுகூட், கோர்பா, மேட்டூர், அங்குல் என்று உருக்காலைகள் வந்தன. வீட்டு அடுக்களையில் இருக்கும் இண்டாலியம் சட்டி ஓர் அலுமினியக் கலவை. கறுப்பு நிற ஹார்டு ஆனடைஸ்டு வாணலியின் மேல்தோலும் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போடும் மேல்தோலும் ஒரே குடும்பம்.

கலவையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைக்காரரிடம் "நல்ல அலுமினியம்" என்று கேட்டால் 6061-டி6 கிடைக்கலாம். உறுதியான கலவைதான். கட்டியாகக் கடைவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் சிறு ஆரத்தில் வளைத்தால் வளைவின் வெளிப்புறம் வெடிப்பு விடும். வளைக்க ஏற்றது மக்னீசியம் கலந்த 5052. தகடு வாங்கும்போது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். எண் சொல்லத் தெரியாத கடையில் வாங்கக் கூடாது.

அலுமினியம் இரும்பைவிட லேசானது என்பது எல்லோருக்கும் தெரியும். அடர்த்தி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பது பலருக்குத் தெரியாது. 1 மி.மீ. இரும்புத் தகட்டின் விறைப்பை அலுமினியத்தில் எட்ட 1.45 மி.மீ. கனம் வேண்டும். அப்படியும் எடை பாதிதான் வரும். ஆகவே 1.5 மி.மீ. தகடு என்பது நியாயமான ஆரம்பம். காசை மிச்சப்படுத்த 1 மி.மீ. எடுத்தால், மூடியைக் கையில் எடுக்கும்போதே அப்பளம் மாதிரி நெளியும். ஃபேன் சுற்றும்போது கூடவே பாடும்.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் இங்கே போட்டு உடைக்க வேண்டும். அலுமினியப் பெட்டி கம்ப்யூட்டரைக் குளிர வைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அலுமினியம் வெப்பத்தை இரும்பைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கடத்துவது உண்மை. ஆனால் பிராசஸரின் சூடு பெட்டியைத் தொட்டால்தானே கடத்துவதற்கு? இடையில் இருப்பது காற்று. சூட்டை வெளியே எடுத்துப் போவது ஃபேன்தான். சுவர் எந்த உலோகமானாலும் இரண்டு டிகிரி வித்தியாசம் வந்தால் பெரிது. பெட்டியே குளிர்விக்க வேண்டுமானால் பிராசஸரிலிருந்து சுவர் வரை வெப்பக் குழாய் இழுத்து ஒட்ட வேண்டும். கொரியாவின் ஸால்மன் நிறுவனம் 2000களில் அப்படி ஃபேனே இல்லாத ஒரு பெட்டியைச் செய்தது. கனத்த அலுமினியத்தில் செய்த அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

காணாமல் போகும் 5.3 மி.மீ.

வரைபடம் தயாரானதும் கோப்பு லேசர் பட்டறைக்குப் போகிறது. பெங்களூரின் பீன்யா, கோவை, புனே, ஃபரிதாபாத் போன்ற தொழில் வட்டாரங்களில் இத்தகைய ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய கார்பன் டை ஆக்ஸைடு லேசர்கள் அலுமினியத்தைக் கண்டால் திணறும்; பளபளப்பான தகடு கதிரைத் திருப்பி அடித்துவிடும். ஃபைபர் லேசரின் கதிர் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு. அலுமினியம் அதை நன்றாக உறிஞ்சும். 2010களில் அந்த மெஷின்கள் இந்தியப் பட்டறைகளுக்கு வந்த பிறகுதான் ஒற்றைப் பெட்டி கேட்டு வருகிறவரையும் உள்ளே விட ஆரம்பித்தார்கள். சந்தோஷமாக விட்டார்கள் என்று சொல்ல முடியாது. லாரி உதிரிபாகம் ஆயிரக்கணக்கில் வெட்டுகிற இடத்தில் ஒரு தகட்டோடு நிற்கிறவர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

காற்றுத் துளைகளுக்கு இங்கே விலை உண்டு. 4 மி.மீ. துளைகளை 5 மி.மீ. இடைவெளியில் தேன்கூடு அமைப்பில் போட்டால் 58 சதவீதம் திறந்த பரப்பு கிடைக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு 120 மி.மீ. ஃபேனுக்கு முன்னால் மட்டும் ஏறக்குறைய 480 துளைகள் வரும். ஒவ்வொரு துளைக்கும் லேசர் புதிதாகக் குத்தித் தொடங்க வேண்டும். பட்டறை பில்லில் பாதி துளைகளுக்கே போய்விடும். சிக்கனமாக 3 மி.மீ. துளையை 4.5 மி.மீ. இடைவெளியில் போட்டால் திறப்பு 40 சதவீதத்துக்கு இறங்கும். ஃபேன் மூச்சு வாங்கும். காற்றா, காசா என்பதுதான் கேள்வி.

பிறகு வளைப்பு. இங்கேதான் கணக்குத் தெரியாதவர்கள் தகட்டை இழக்கிறார்கள். 'ப' எழுத்தைக் கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் வருகிற மாதிரி ஒரு தட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளி அளவு, பக்கங்கள் 100 மி.மீ., அடி 200 மி.மீ. கூட்டினால் 400. ஆனால் 400 மி.மீ. தகட்டை வெட்டி வளைத்தால் பெட்டி பெரிதாகிவிடும். வளையும் இடத்தில் தகட்டின் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நசுங்கும். இரண்டுக்கும் நடுவில் நீளம் மாறாத ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் நீளத்தைத்தான் வெட்ட வேண்டும். 1.5 மி.மீ. தகடு, உள் ஆரம் 1.5 மி.மீ. என்றால் வளைவு ஒன்றுக்குச் சுமார் 2.65 மி.மீ. கழிக்க வேண்டும். இரண்டு வளைவுக்கு 5.3. ஆக வெட்ட வேண்டியது 394.7.

இந்த 2.65 எல்லாப் பட்டறைக்கும் பொருந்தாது என்பது அடுத்த சங்கடம். பிரஸ் பிரேக்கின் அடியில் இருக்கும் டையின் அகலத்தைப் பொறுத்து உள் ஆரம் மாறும். ஆரம் மாறினால் கழிவும் மாறும். அனுபவமுள்ள ஆபரேட்டர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க மாட்டார். அதே தகட்டில் ஒரு துண்டை வெட்டி, வளைத்து, வெர்னியரில் அளந்து, எண்ணைச் சொல்வார். அதற்குப் பிறகு வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வருகிறவர் புத்திசாலி. மேலும், 90 டிகிரிக்கு வளைத்த அலுமினியம் அழுத்தம் விலகியதும் ஒன்றிரண்டு டிகிரி திரும்ப விரியும். ஆகவே 88க்கு வளைத்து 90ஐ வாங்க வேண்டும். இரண்டு தகடுகள் சேரும் மூலையில் ஒரு தலைமுடி நுழையாத அளவுக்கு இடைவெளி வேண்டுமானால், இத்தனை பிழைகளும் சேர்ந்து அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

மரை போடுவதிலும் அலுமினியம் தன் குணத்தைக் காட்டும். 1.5 மி.மீ. தகட்டில் எம்3 மரை போட்டால் மூன்று சுற்றுதான் கிடைக்கும். 6-32 என்றால் இரண்டு சுற்றுகூட இல்லை. நான்கு தடவை திருகைக் கழற்றி மாட்டினால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். எனவே எஃகு நட்டுகளைத் தகட்டில் அழுத்திப் பதிக்கிறார்கள். அதற்கும் முறை உண்டு. நட்டைப் பதித்த பிறகு ஆனடைசிங்குக்கு அனுப்பினால் அமிலத் தொட்டி நட்டைத் தின்றுவிடும். முதலில் ஆனடைசிங், பிறகு நட்டு. முதல் பெட்டி செய்கிறவர்களில் கணிசமானோர் இதைத் தலைகீழாகச் செய்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனடைசிங் என்பது பூச்சு அல்ல. பெட்டியை நேர்மின் முனையாக்கி கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, சுமார் 20 டிகிரி வெப்பத்தில் 12 முதல் 18 வோல்ட் வரை மின்சாரம் செலுத்துகிறார்கள். அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்ஸைடாக மாறுகிறது. 10, 15 மைக்ரான் கனம். நுண்ணிய துளைகள் நிறைந்த அந்தத் தோல் சாயத்தைக் குடிக்கும். பிறகு கொதிநிலையை ஒட்டிய தண்ணீரில் முக்கினால் துளைகள் அடைபட்டுச் சாயம் உள்ளேயே தங்கிவிடும். உரிந்து வராது. ஆனால் தகட்டில் இருந்த கீறல் ஒன்றையும் மறைக்காது, எடுத்துக் காட்டும். அதனால்தான் முதலில் கண்ணாடித் தூள் அடித்துச் சொரசொரப்பாக்குகிறார்கள். முகப்புக்கு 5052 தகடும் மூலைக் கம்பங்களுக்கு 6063 சட்டமும் வைத்து ஒரே சாயத் தொட்டியில் முக்கினால் இரண்டும் இரண்டு கறுப்பாக வெளியே வரும். பட்டறைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. கலவை வேறானால் நிறமும் வேறு.

மே மாத வெயில்

சிறிய பெட்டிகளைப் பற்றிப் பாராட்டி எழுதப்படுபவை பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் அளந்தவை. முழு வேலையில் பிராசஸர் 75 டிகிரி என்று அதில் இருக்கும். அறையைவிட 53 டிகிரி அதிகம் என்றுதான் அதைப் படிக்க வேண்டும். அதே பெட்டி, அதே வேலை, நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ மே மாத மதியத்தில் ஏ.சி. இல்லாத 42 டிகிரி அறையில் இருந்தால்? 95. பல பிராசஸர்கள் 95க்கும் 100க்கும் இடையில் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். பெரும் விலை கொடுத்து வாங்கிய சிப் பாதி வேகத்தில் ஓடும். காரணம் தெரியாமல் உரிமையாளர் சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருப்பார். வீடியோ எடிட் செய்து பிழைப்பவருக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல. ராத்திரி முடிய வேண்டிய வேலை காலையில்தான் முடியும்.

தூசி அடுத்த எதிரி. உள்ளே தள்ளும் ஃபேன்கள் வெளியே இழுக்கும் ஃபேன்களைவிடப் பலமாக இருந்தால், பெட்டிக்குள் லேசான அழுத்தம் நிற்கும். இடுக்குகள் வழியே தூசி நுழையாது, ஃபில்டர் வழியே மட்டும் காற்று வரும். ஆனால் டெல்லி வீடுகளில் அந்த ஃபில்டர் சில வாரங்களில் கம்பளியாகிவிடும். கழற்றாமல் கழுவ முடியாத ஃபில்டரை வரைந்தவர், வீட்டைப் பெருக்கும் வேலையை ஒருநாளும் செய்யாதவராகத்தான் இருக்க வேண்டும். இந்தியாவில் பெட்டி செய்கிறவர் ஏழு லிட்டர் பெருமையை விட்டுவிட்டு 12, 15 லிட்டருக்கு இறங்கி வருவது நல்லது. கூடுதலாக ஒரு 140 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்ற இடம் கிடைக்கும். அடியில் கால்களை 20 மி.மீ. உயர்த்தினால் கீழிருந்தும் காற்று வரும்.

மூன்றாவது பின்

எல்லாம் முடிந்து பெட்டியை மூடி, ஸ்விட்சைப் போட்டு, பெருமையோடு கை வைக்கும்போது விரலில் சுருக்கென்று ஒரு கூச்சம். இந்திய வீடுகளில் இது சர்வசாதாரணம். இரும்புக் கேபினெட்டில் பெயின்ட் இதை மறைத்துவிடுகிறது. அலுமினியப் பெட்டியில் கீறலிலும் திருகின் தலையிலும் வெளிவந்துவிடுகிறது.

காரணம் பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் பெட்டியின் உலோகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியளவில் மிதக்கும். மல்டிமீட்டர் வைத்தால் 110, 115 காட்டும். மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு என்பதால் சாதாரணமாக ஆளைக் கொல்லாது. ஆனால் டி.வி.யோடு ஒரு கேபிளைச் செருகும் நொடியில் இரு பக்கத்துச் சாக்கெட்டையும் பொசுக்க அது போதும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் நிஜமாகவே இன்சுலேஷன் கெட்டுப்போய் லைன் ஒயர் உலோகத்தைத் தொட்டுவிட்டால், எர்த் இல்லாத வீட்டில் ஃபியூஸ் போகாது, எம்.சி.பி. விழாது. பெட்டி முழுவதும் 230 வோல்ட். முதலில் தொடுகிறவர் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் மற்ற இரண்டைவிட நீளமாகவும் பருமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது மற்றவற்றுக்கு முன்னால் எர்த் இணைய வேண்டும். உருவும்போது கடைசியாக விலக வேண்டும். அந்தப் பின்னை அநாதையாக்கும் இரண்டு பின் அடாப்டர் எந்த எலக்ட்ரிக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. வாடகை வீட்டில் குடியிருக்கும் இளைஞர், தகட்டுக்கும் லேசருக்கும் ஆனடைசிங்குக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கும் சில நூறு ரூபாயைத் தள்ளிப்போடுவதுதான் இந்தக் கதையின் மிக வினோதமான பகுதி.

ஆனடைசிங் இதில் இன்னொரு குழப்பத்தைச் சேர்க்கிறது. அந்த ஆக்ஸைடு தோல் மின்சாரத்தைக் கடத்தாது. பல தகடுகளைத் திருகிச் சேர்த்த பெட்டியில், எஸ்.எம்.பி.எஸ். மாட்டிய பின்தகடு மட்டும் எர்த் ஆகியிருக்கும். முகப்பும் மூடியும் தனித்தனித் தீவுகளாக நிற்கலாம். சுவர் எர்த் சரியாக இருந்தும் மூடி மிதக்கும். ஆகவே கடைசி வேலை, அத்தனை பாடுபட்டு ஏற்றிய தோலைச் சில இடங்களில் சுரண்டி எடுப்பது. எஸ்.எம்.பி.எஸ். திருகைச் சுற்றியும், தகடுகள் ஒன்றோடொன்று சேரும் உள்மடிப்பிலும், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு பிளக்கின் நீளப் பின்னில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும், தேய்த்த இடங்களில் ஒவ்வொன்றாக மறு முனையையும் வைத்துப் பார்க்க வேண்டும், பிளக்கைச் சுவரில் செருகாமல். ஒவ்வொரு தகட்டுக்கும் மீட்டர் 'பீப்' என்று கத்த வேண்டும். கத்தாத தகட்டைக் கழற்றி மீண்டும் தேய்க்க வேண்டும். மூடியைத் திருகிய பிறகு அந்த வெள்ளி வட்டங்கள் வெளியே தெரியாது.